பெட்ஃபோர்டு சதுக்கத்துச் செங்கல் வீடுகள்

லண்டன் மாநகரின் புளூம்ஸ்பரி பகுதியில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை ஒட்டி மேற்கே அமைந்துள்ள பெட்ஃபோர்டு சதுக்கம், 1775க்கும் 1783க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் உருவானது. நடுவில் நீள்வட்டத் தோட்டம். அதன் நான்கு பக்கங்களிலும், ஒன்றோடொன்று இடைவெளியின்றி ஒட்டிய ஐம்பதுக்கும் மேற்பட்ட செங்கல் வீடுகள். பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த லண்டன் சதுக்கங்களில் பெரும்பாலானவை இடிபட்டும் மாற்றிக் கட்டப்பட்டும் உருக்குலைந்துவிட, நான்கு பக்கமும் பழைய வடிவிலேயே எஞ்சியிருப்பது இது ஒன்றே எனலாம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வெண்சுதை பூசி, சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களை நிறுத்தி, அவற்றின் தலையில் முக்கோண முகடு ஒன்றைச் சூட்டியிருப்பதால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பக்கம் முழுவதும் ஒரே அரண்மனையாகத் தோன்றும். உண்மையில் அவை தனித்தனிக் கதவும் தனித்தனிக் குடித்தனமும் கொண்ட வீடுகள். இந்த ஒற்றுமைத் தோற்றம் பெற்ற புகழ் பெரிது. ஆனால் வீடுகளைத் தாங்கி நிற்பதில் முகப்புக்குள்ள பங்கு சிறிது. பாரத்தில் பெரும்பங்கை ஏற்பவை, தெருவுக்குக் குறுக்காக, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே, வெளியார் கண்ணில் படாமல் செல்லும் பொதுச் சுவர்களே.

இந்த நிலம் பெட்ஃபோர்டு கோமகன் குடும்பத்துக்கு உரியது. நான்காம் கோமகன் 1771இல் இறந்தபின், வாரிசான பேரன் வயது வராதவராக இருந்ததால், கோமகளான கெர்ட்ரூட் அம்மையார் நிலங்களின் நிர்வாகத்தைக் கவனித்தார். வீடுகளைக் கட்டுவதற்கு அக்குடும்பம் தன் கைப்பணத்தைச் செலவிடவில்லை. மனைகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. ராபர்ட் க்ரூஸ், வில்லியம் ஸ்காட் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர்கள் சொந்தப் பொறுப்பில் கட்டி, குடிவருவோருக்குக் கைமாற்றினர். குத்தகை முடிந்ததும் நிலமும் அதன்மேல் எழுந்த கட்டடமும் குடும்பத்துக்கே திரும்பிவிடும். வரைவு தாமஸ் லெவர்டனுடையது என்பது பெரும்பாலோர் கருத்து. முகப்பு எப்படி இருக்கவேண்டும் என்பதை ஒப்பந்தம் கட்டுப்படுத்தியது. முகப்புக்குப் பின்னால் எந்தக் கல்லை எப்படி அடுக்குவது என்பதைப் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் கணக்குப் புத்தகமே முடிவு செய்தது. 99 ஆண்டுகளுக்குப் பின் பிறர் கைக்குப் போகப்போகும் சுவருக்கு நல்ல கல்லைக் கொட்ட எந்த வணிகரும் விரும்பமாட்டார் என்பதை மனத்தில் கொண்டால்தான், பின்னர் வரும் பொறியியல் குறைபாடுகளின் காரணம் விளங்கும்.

வீடுகளின் உருவத்தை முடிவு செய்த மற்றொரு சக்தி தீயைப் பற்றிய அச்சம். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் மரவீடுகள் நிறைந்த பழைய லண்டன் எரிந்து போனபின், 1667இல் இயற்றப்பட்ட மறுகட்டுமானச் சட்டம், இனி வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ மட்டுமே அமையவேண்டும் என்றும், வீட்டின் வகைக்கேற்பச் சுவரின் கனம் இவ்வளவு இருக்கவேண்டும் என்றும் வரையறுத்தது. 1707ஆம் ஆண்டுச் சட்டம், கூரையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த மர வேலைப்பாடுகளைத் தடை செய்தது. அதனால் முகப்புச் சுவர் கூரைக்கு மேலும் உயர்ந்து கைப்பிடிச் சுவராக முடிய, கூரை அதன் பின்னே மறைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த சட்டம், சன்னல் நிலைகளைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. எதிர்வீட்டிலிருந்து பறந்துவரும் தீப்பொறி மரத்தில் நேராகப் படக்கூடாது என்பதே நோக்கம். இவ்வாறு உள்ளடங்கிய சன்னல்களைச் சுற்றி விழும் நிழலைத்தான் இன்று அந்தக் கட்டடங்களின் அழகு என்று வியக்கிறார்கள். கலைரசனைக்கும் அதற்கும் தொடக்கத்தில் தொடர்பு குறைவு.

ராபர்ட் டெய்லர், இளைய ஜார்ஜ் டான்ஸ் ஆகிய கட்டடக்கலைஞர்கள் உருவாக்கிய 1774ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் இவற்றையெல்லாம் தொகுத்து இறுக்கியது. குடியிருப்பு வீடுகளை அது நான்கு தரங்களாகப் பிரித்தது: 850 பவுண்டுக்கு மேற்பட்ட மதிப்பும் 900 சதுர அடிக்கு மேற்பட்ட தரைப்பரப்பும் கொண்டது முதல் தரம், 150 பவுண்டுக்கும் 350 சதுர அடிக்கும் உட்பட்டது நான்காம் தரம். ஒவ்வொரு தரத்துக்கும் அடித்தளம், வெளிச்சுவர், பொதுச் சுவர் ஆகியவற்றின் கனம் தனித்தனியே விதிக்கப்பட்டது. சன்னலின் கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழும் ஓடுவதற்கு உதவும் எடைக்கட்டிகள் தொங்கும் மரப்பெட்டியையும் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கவேண்டும் என்றது அச்சட்டம். நகரம் முழுவதும் ஒரே மாதிரி வீடுகள் பெருகக் காரணமானது என்று பிற்காலத்தவர் இதைக் ‘கறுப்புச் சட்டம்’ எனத் தூற்றியதுண்டு. சட்டம் வந்த மறு ஆண்டே கட்டத் தொடங்கப்பட்ட பெட்ஃபோர்டு சதுக்கம், அதே விதிகளுக்கு உட்பட்டும் கம்பீரமாக அமையமுடிந்தது என்பதைப் பார்க்கையில், பழி சட்டத்துக்கு உரியதா, அதைக் குறைந்த செலவில் நிறைவேற்றத் துடித்தவர்களுக்கு உரியதா என்று கேட்கத் தோன்றுகிறது.

பொதுச் சுவர் என்பது அடுத்தடுத்த இரண்டு வீடுகளும் பகிர்ந்துகொள்ளும் சுவர். அது தீத்தடுப்பாகப் பயன்படுவதால், இரண்டு வீட்டுக் கூரைகளையும் தாண்டி மேலே எழுந்து நிற்கும். கூரையின் மரப்பாரம் பெரும்பாலும் இதன்மேல்தான் இறங்குகிறது. தரைகளைத் தாங்கும் மரச்சரங்கள் சில வீடுகளில் பொதுச் சுவருக்குப் பொதுச் சுவராகவும், வேறு சிலவற்றில் முகப்பிலிருந்து நடுத்தடுப்பு வரைக்கும், அங்கிருந்து பின்சுவர் வரைக்கும் இரண்டு துண்டாகவும் போடப்பட்டன. ஒவ்வொரு அறையின் கணப்படுப்பிலிருந்தும் தனித்தனியாக எழும் புகைப்போக்கிகள் பொதுச் சுவரின் வயிற்றுக்குள்ளேயே வளைந்து வளைந்து ஏறி, கூரைக்குமேல் ஒரே திரளாக வெளிப்படுகின்றன. நான்கைந்து மாடிகளின் அடுப்புகள் ஒரே சுவரில் கூடும்போது அச்சுவர் கனத்திருந்தாலும் உள்ளே குழாய்களால் துளைக்கப்பட்டிருக்கும். ஆயினும் குளிர்காலத்தில் அந்தச் செங்கல் திரள் சூடேறி, அடுப்பு அணைந்த பின்னும் சில மணி நேரம் வெப்பத்தை வெளியிட்டது. வரிசையின் நடுவில் உள்ள வீட்டுக்கு இரண்டு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டின் கதகதப்பில் இருப்பதால், வெப்பம் தப்புவதற்கு முன்னும் பின்னும் கூரையும் மட்டுமே வழி. வரிசையின் கோடியில் நிற்கும் வீடு கதகதப்பு, அண்டை வீட்டின் தாங்குதல் ஆகிய இரண்டு நன்மைகளையும் பாதி இழக்கிறது: ஒரு பக்கம் குளிருக்குத் திறந்திருக்கிறது, அதே பக்கம் சாய்ந்துவிடாமல் தாங்கவும் துணை இல்லை. பழைய வரிசைகளில் விரிசல்களும் முட்டுக்கட்டைகளும் கோடி வீடுகளில் அதிகம் காணப்படுவது இதனால்தான்.

லண்டன் வீடுகளின் செங்கல் மஞ்சள் நிறமானது. அந்நகரைச் சுற்றிக் கிடைத்த வண்டல் கலந்த களிமண்ணோடு அரைத்த சுண்ணக்கட்டியையும், வீட்டுக் குப்பையிலிருந்து சலித்தெடுத்த நிலக்கரிச் சாம்பலையும் பிசைந்து அச்சிலிட்டார்கள். சாம்பலில் பாதி எரிந்த கரித்துகள்கள் இருக்கும். பச்சைக்கற்களை அடுக்கிச் சூளையில் தீ வைத்ததும் ஒவ்வொரு கல்லும் தன் உள்ளிருக்கும் கரியாலேயே எரிந்து வெந்தது. இதனால் விறகும் மிச்சமாயிற்று, நகரத்தின் அடுப்புக் கழிவும் விலைபோயிற்று. நிறத்தின் காரணம் வேதியியலில் இருக்கிறது. சாதாரணக் களிமண்ணைச் சுடும்போது அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து ஹேமடைட் என்னும் சிவந்த ஆக்சைடாகிறது. சுண்ணாம்பு போதிய அளவு கலந்திருந்தால், உயர் வெப்பத்தில் கால்சியம், சிலிக்கா, அலுமினா ஆகியவை சேர்ந்து உருவாகும் படிகங்கள் இரும்பைத் தம்முள் இழுத்துக்கொள்வதால், சிவப்பு தலைகாட்டாமல் கல் வெளிர்மஞ்சளாக மாறுகிறது. பின்னர் நூறாண்டு நிலக்கரிப் புகை படிந்து அந்த மஞ்சளும் கரியாயிற்று. பிரதமரின் இல்லமான டௌனிங் தெரு 10ஆம் எண் வீட்டின் சுவர் கறுப்பல்ல, மஞ்சள் என்பது 1960களின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பின்போதுதான் தெரியவந்தது. மக்கள் கறுப்புக்குப் பழகிவிட்டதால், கழுவிய கற்களுக்கு மறுபடி கறுப்புச் சாயம் பூசிவிட்டார்கள்.

சூளையில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி வேகுவதில்லை. நன்றாக வெந்து, விளிம்பு சிதையாத கற்கள் முகப்புக்கு ஒதுக்கப்பட்டன. விலையும் அவற்றுக்கு அதிகம். ஓரங்களில் அரைகுறையாக வெந்த மலிவான கற்கள் சுவரின் உட்புறத்துக்குப் போயின. முகப்பில் கற்களை அடுக்கிய முறை ஃபிளெமிஷ் கட்டு எனப்படும். சுவரின் நீளவாக்கில் கிடக்கும் கல்லை நெடுக்குக்கல் என்றும், சுவருக்குள் குறுக்காக நுழைந்து தலையை மட்டும் வெளியே காட்டும் கல்லைக் குறுக்குக்கல் என்றும் கொண்டால், இந்தக் கட்டில் ஒவ்வொரு வரியிலும் நெடுக்கு, குறுக்கு, நெடுக்கு, குறுக்கு என மாறிமாறி வரும். குறுக்குக்கல்லின் வேலை வெறும் அலங்காரம் அன்று; முன்னடுக்கையும் பின்னடுக்கையும் ஒன்றாகத் தைப்பது அதுவே.

ஒப்பந்தக்காரரின் கணக்கு இங்கேதான் உள்ளே நுழைகிறது. விலை உயர்ந்த முகப்புக்கல்லை முழு நீளத்துக்கும் சுவருக்குள் புதைத்து வீணாக்குவதைவிட, அதை இரண்டாக உடைத்து, இரண்டு பாதிகளின் தலைகளையும் வெளியே காட்டினால், ஒரு கல்லின் விலையில் இரண்டு குறுக்குக்கற்கள் கிடைத்துவிடும். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இலக்கணம் பிசகாத ஃபிளெமிஷ் கட்டு. உள்ளே, முன்னடுக்குக்கும் பின்னடுக்குக்கும் இடையே காரையைத் தவிர வேறு பிணைப்பு இல்லை. இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. முகப்பில் சாந்தின் கனம் மெல்லியதாகவும், உட்புறத்தில் தடித்ததாகவும் வைத்துக் கட்டியதால், இரண்டு அடுக்குகளின் வரிமட்டங்களும் ஒன்றாக வரவில்லை. பல வரிகளுக்கு ஒருமுறை மட்டம் கூடும் இடத்தில் மட்டுமே முழுக்கல்லைக் குறுக்கே வைக்க முடிந்தது. போதாக்குறைக்கு, சுவருக்குள் நீளமாக மரச்சட்டங்களைப் புதைத்துக் கட்டும் வழக்கமும் இருந்தது. பாரத்தைப் பரப்பவும் உள்ளலங்காரப் பலகைகளை ஆணியடிக்கவும் உதவிய அந்த மரம், காலப்போக்கில் ஈரத்தால் உளுத்துச் சுருங்க, அதன் மேலிருந்த உள்ளடுக்கு சிறிது இறங்கியது. வெளியடுக்கு இறங்காமல் வெளிப்புறமாகப் புடைத்தது. முகப்புச் சுவரையும் பொதுச் சுவரையும் வெவ்வேறு காலத்தில் எழுப்பியதால், இரண்டும் சந்திக்கும் மூலையில் கற்கள் கோத்துக்கொள்ளாமலே விடப்பட்ட வீடுகளும் பல.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதைச் சிறு கணக்கு ஒன்று காட்டும். ஒரு கனமீட்டர் செங்கல் கட்டு ஏறக்குறைய 1,800 கிலோ எடை உள்ளது. 15 மீட்டர் உயரச் சுவரின் அடியில் அதன் சொந்த எடையால் உண்டாகும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2.7 கிலோதான், தரைகளும் கூரையும் சன்னல் திறப்புகளும் சேர்ந்து இதை இரண்டு மூன்று மடங்காக்கினாலும், சுமாரான செங்கல்கூடச் சதுர செ.மீ.க்கு 35 கிலோ வரை நொறுங்காமல் தாங்கும். எனவே செங்கல் வீடு நசுங்கி விழுவதில்லை, நிலைகுலைந்துதான் விழுகிறது. காரை இழுவிசையைத் தாங்காது என்பதால், பாரம் இறங்கும் கோடு சுவரின் கனத்தில் நடு மூன்றிலொரு பங்குக்குள் இருக்கவேண்டும் என்பது பொறியியல் விதி. ஒன்றரைக் கல் சுவரின் கனம் சுமார் 34 செ.மீ.; ஆகவே அந்தக் கோடு மையத்திலிருந்து 5.7 செ.மீ. வரை விலகலாம். முன்னடுக்கு தனியே பிரிந்துவிட்டால் அதன் கனம் சுமார் 10 செ.மீ.தான், அதற்கு அனுமதிக்கப்படும் விலகல் 1.7 செ.மீ.க்கும் குறைவு. வளைவை எதிர்க்கும் விறைப்போ கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், கனம் மூன்றில் ஒன்றாகும்போது விறைப்பு இருபத்தேழில் ஒன்றாகச் சரிந்துவிடுகிறது. உடைத்த குறுக்குக்கல்லால் மிச்சப்பட்ட பணம், சுவரின் உறுதியில் கொடுத்த விலை இதுவே.

இத்தனை குறைகளுக்கும் நடுவே இந்த வீடுகள் இரண்டரை நூற்றாண்டு நிற்பதற்குச் சுண்ணாம்புக்கு நன்றி சொல்லவேண்டும். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 பாகை செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதில் நீரூற்றி நீற்றி மணலோடு குழைத்துச் சாந்தாக்கினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித் திரும்பவும் கல்லாகிறது. கனத்த சுவரின் நடுவில் இந்த மாற்றம் முடிய ஆண்டுக்கணக்காகும். அதுவரை சுவர் இளகியே இருப்பதால், கோடையில் சுருங்கி மழையில் உப்பும் லண்டன் களிமண்ணின்மேல் அடித்தளம் அசையும்போது, அந்த அசைவு ஆயிரக்கணக்கான காரைச் சந்துகளில் பங்கிடப்பட்டு, பெரும் விரிசல் விழாமல் கட்டடம் மெதுவாக வளைந்துகொடுக்கிறது. நுண்விரிசல்களில் நீர் புகுந்தால், கரைந்த சுண்ணாம்பு அங்கேயே மறுபடி படிந்து அவற்றை ஓரளவு அடைத்தும் விடும்.

சன்னல்களின் உயரம் மாடிக்கு மாடி மாறுவதும் தற்செயல் அன்று. விருந்தினரை வரவேற்கும் கூடம் முதல் மாடியில் இருந்ததால் அங்கே சன்னல் மிக உயரம். மேலே போகப்போக, படுக்கையறை, வேலையாட்களின் பரண் என உயரம் குறைகிறது. அக்காலக் கண்ணாடி, உருகிய குழம்பைச் சுழற்றி வட்டத் தட்டாக விரித்துச் செய்யப்பட்டது. அதிலிருந்து சிறு சிறு சதுரங்களையே வெட்டமுடியும் என்பதால் ஒவ்வொரு சன்னலும் பல சட்டங்களாகப் பிரிந்தது. சன்னல் தலைக்கு மேலுள்ள தட்டை வளைவைக் கட்ட, மென்மையான தனிவகைச் செங்கல்லை அறுத்துத் தேய்த்து ஆப்பு வடிவமாக்கி, தாள் அளவு மெல்லிய சுண்ணாம்புச் சந்தோடு அடுக்கினார்கள். கல்லின் ஆப்பு வடிவமே அதைக் கீழே விழாமல் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்கிறது. ஆனால் அந்த நுட்பமும் முகப்பளவே. அதன் பின்னால் உள்ளடுக்கின் பாரத்தை ஏற்றிருப்பது சாதாரண மர உத்தரம்.

வீட்டின் நிலவறை எனத் தோன்றுவது பெரும்பாலும் பழைய தரைமட்டமே. முழு ஆழத்துக்கும் பள்ளம் தோண்டுவதற்குப் பதிலாக, தோண்டிய மண்ணைக் கொட்டித் தெருவை உயர்த்தினார்கள்; பல பகுதிகளில் அந்த மண்ணே செங்கல்லாகவும் ஆயிற்று. நடைபாதைக்கு அடியில் வளைவுக்கூரை கொண்ட கரியறைகள் அமைந்தன. நடைபாதையில் பதித்த வட்ட இரும்பு மூடியைத் திறந்து கரியைக் கொட்டிவிடலாம். ஆள் நுழைய முடியாத அளவுக்கு அந்தத் துளை சிறியது. கரி சுமப்பவர் வீட்டுக்குள் காலடி வைக்கத் தேவையே இல்லை.

ஒவ்வொரு வாசலின் வளைவையும் புழு அரித்தது போன்ற வேலைப்பாடுள்ள வெண்கட்டிகள் சூழ்ந்திருக்க, உச்சியில் தாடி வைத்த முகம் ஒன்று எட்டிப் பார்க்கிறது. வீட்டுக்கு வீடு அதே முகம். பார்வைக்குக் கல்லாயினும் இது கல் அன்று; எலினார் கோட் என்னும் பெண் தொழில்முனைவர் 1769இலிருந்து லாம்பெத் பகுதியில் நடத்திய ஆலையில் அச்சில் வார்த்துச் சுட்ட செயற்கைக்கல். வெண்களிமண்ணோடு ஏற்கெனவே சுட்டு அரைத்த களிமண் பொடி, சிக்கிமுக்கிக்கல் தூள், மணல், கண்ணாடித் தூள் ஆகியவற்றைக் கலந்து, 1,100 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் நான்கு நாள் சுடுவார்கள். முன்பே சுட்ட பொடி சுருக்கத்தைக் குறைக்கிறது. கண்ணாடி உருகித் துளைகளை அடைக்கிறது. இயற்கைக் கற்கள் பல லண்டன் புகையில் உதிர்ந்துபோக, இந்த முகங்களின் மூக்கு விளிம்புகூட மழுங்கவில்லை. உற்பத்தியில் காட்டிய இந்தக் கவனம் வரைவில் எல்லா இடத்திலும் இல்லை. வடக்கு, தெற்குப் பக்கங்களின் மையத்தில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வீடுகள் இணைந்து நிற்பதால், முக்கோண முகட்டின் நேர்கீழே, இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில் ஓர் அரைத்தூண் வந்து நின்று, ஐந்து தூண்களாகிவிட்டது. கிரேக்க மரபறிந்தவர்கள் இதைப் பிழை என்றே எண்ணுவர்; மையக்கோட்டில் பொதுச் சுவர் வந்து நிற்கும் உண்மையை முகப்பு மறைக்காமல் சொன்ன ஒரே இடம் இது என்றும் கொள்ளலாம்.

11ஆம் எண் வீட்டில் வாழ்ந்தவர், பூமியின் அடர்த்தியை அளந்த ஹென்றி கேவண்டிஷ். அந்த ஆய்வை அவர் நடத்தியது கிளாப்பம் பகுதியிலிருந்த தம் மற்றொரு வீட்டில். 47ஆம் எண்ணில் 1849இல் எலிசபெத் ஜெஸ்ஸர் ரீட் பெண்களுக்கான பெட்ஃபோர்டு கல்லூரியைத் தொடங்கினார். 1831இல் இங்கிலாந்து சென்ற ராஜா ராம்மோகன் ராய் தங்கியதை 49ஆம் எண் வீட்டுச் சுவரிலுள்ள நினைவுப் பலகை சொல்கிறது. 1917 முதல் கட்டடக்கலைச் சங்கத்தின் பள்ளி இதே சதுக்கத்தில் இயங்கிவருகிறது.

இத்தகைய வீடுகளைப் பழுதுபார்க்கும்போது இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த பெரிய தவறு, உதிர்ந்த சுண்ணாம்புச் சந்துகளைச் சிமெண்டால் நிரப்பியது. சிமெண்டு சுண்ணாம்பைவிடக் கடினம், ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. சந்து வழியாக உலரவேண்டிய நீர் செங்கல்லுக்குள் தேங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரியும்போது கல்லின் முகமே பெயர்ந்து விழுகிறது. இப்போது பாதுகாப்புப் பொறியாளர்கள் சந்துகளுக்குச் சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்துகிறார்கள். புடைத்த முகப்பைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் தரைச்சரங்களோடும் பொதுச் சுவரோடும் கட்டுகிறார்கள்; பிரிந்த முன்னடுக்கையும் பின்னடுக்கையும் மெல்லிய எஃகு ஊசிகளால் துளைத்து இணைக்கிறார்கள். உடைக்காத குறுக்குக்கல் செய்திருக்கவேண்டிய வேலையை இன்று பல மடங்கு செலவில் அந்த ஊசிகள் செய்துவருகின்றன.